கூடவே ஒரு துளி

மார்ச் 4

தம்பிக்கு,

உங்கள் மாதிரி ரயில் கிளப்பின் காலாண்டு இதழ் நேற்று எனக்குத் தபாலில் வந்தது. நீ அனுப்பியதில்லை. வெளியூர்க்காரர்களும் உறுப்பினராகலாமா என்று கேட்டு உங்கள் செயலாளருக்கு ஓர் அட்டை போட்டிருந்தேன். முதலில் படித்துப் பாருங்கள் என்று அவர் ஒரு பிரதி அனுப்பி வைத்திருக்கிறார்.

ஏழாம் பக்கத்தில் நீ இருக்கிறாய். ஒரு கையில் கோப்பை, இன்னொரு கையில் நம் தவளை. மெதுவாக ஓட்டும் போட்டியில், ஒரு மீட்டர் தண்டவாளத்தை நிற்காமல், துள்ளாமல், எல்லாவற்றையும்விட மெதுவாகக் கடந்த இன்ஜின் அதுதானாம். நான்கு நிமிடம் பதினோரு விநாடி. படத்துக்காகத் தலை வாரியிருக்கிறாய். அதன் கீழே நீ எழுதிய கட்டுரை: "தவளையை நான் நடக்க வைத்த கதை." இரண்டு பக்கக் கட்டுரையில் "நான்" என்ற சொல் இருபத்தாறு இடங்களில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன்.

போன வருடம் கணுக்கால் உடைந்து, மாவுக்கட்டோடு உன் வீட்டு முன்னறையில் ஏழு வாரம் உட்கார்ந்திருந்தவள் யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அது கிடக்கட்டும். அவசரம் வேறு. என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தானே எழுதினாய்? அதில் பக்கத்தின் கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தேன்: "எண்ணெய், அச்சு சுழலும் இடங்களில் ஊசி முனை அளவு. கம்யூட்டேட்டரில் கூடவே." பக்கத்தைத் திருப்பினால் முதல் சொல் "கூடாது." நீ பக்கத்தைத் திருப்பவில்லை. "கம்யூட்டேட்டரிலும் கூடவே ஒரு துளி விட்டேன்" என்று அச்சில் ஏற்றிவிட்டாய்.

கம்யூட்டேட்டர் என்பது மோட்டாருக்குள் சுற்றும் சின்ன செம்பு உருளை. இரண்டு கார்பன் துண்டுகள் அதை உரசிக்கொண்டு மின்சாரம் கொடுக்கின்றன. அங்கே எண்ணெய் விழுந்தால் கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்து மை போலாகிவிடும். பொறி பறக்கும், சூடேறும், மோட்டார் கருகும். உன் தவளையில் அங்கே எண்ணெய் இல்லை. அதைச் சரி செய்தது யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உடனே எல்லோருக்கும் சொல். போனில் பேசினால் நீ சிரித்துச் சிரித்து என்னையும் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால் எழுது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் "தம்பிக்கு" என்று மொட்டையாக ஆரம்பித்ததைப் பார்த்ததுமே உன் தம்பி மனைவி, "நல்லா வாங்கிக் கட்டிக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவாக ஓட்டுப் போட ஆளில்லை.

நடந்தது இதுதான். போட்டி முடிந்ததும் செயலாளர் மைக்கை நீட்டி, "யாருங்க இதைச் சரி பண்ணது?" என்று கேட்டார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "நான்தான்" என்று வந்துவிட்டது. மெத்தைக் கடையில் பதினாறு வருடம் நின்ற வாய் அக்கா இது. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடும். அப்புறம் கட்டுரை கேட்டார்கள். "நான்தான்" என்று சொன்னவன் கட்டுரையில் வேறு மாதிரி எப்படி எழுதுவது?

உன்னைப் பற்றி ஒரு வரி போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் கிளப்பில் பெண்கள் யாரும் இல்லை. "அக்கா செஞ்சு குடுத்து, தம்பி கப்பு வாங்கினாராம்" என்று வருடம் முழுக்க ஓட்டுவார்கள். ஏற்கெனவே தவளை தவளை என்று ஐந்து வருடம் என்னை ஓட்டியது போதாதா? ரெகுலேட்டரைத் தொட்டால் போதும், என் இன்ஜின் எம்பிக் குதித்து எதிரே உட்கார்ந்திருப்பவர் மடியில் விழும். அதற்காகவே சிலர் மடியில் கைக்குட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்த கதை உனக்குத் தெரியும். முதல்முறையாக என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள் அக்கா.

எண்ணெய் விஷயத்தை அடுத்த இதழில் திருத்திவிடலாம். ஜூனில் வரும். ஒரு துளிதானே, யார் குடி முழுகிவிடப் போகிறது?

கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே.

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கால் நன்றாக இருக்கிறது.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்கு நினைவுபடுத்த வேண்டும்போல் இருக்கிறது. பல் லேபில் உட்கார்ந்து நாள் முழுக்க பல் செய்கிறேன். மெழுகில் வடித்து, வார்த்து, தேய்த்து, மெருகேற்றி, கடிக்கும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றையொன்று இடிக்காமல் உட்காரும்வரை திரும்பத் திரும்பத் தேய்க்கிறேன். அதை மாட்டிக்கொண்டு யாரோ சிரிக்கிறார்கள். ரசீதில் டாக்டர் பெயர் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான், பழகிவிட்டது. என் தம்பி வீட்டிலும் இதுவே நடக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை.

அந்த ஏழு வாரமும் எனக்கு வலி மறந்தது அந்த இன்ஜினால்தான். சக்கரத்தின் முதுகை உரசி மின்சாரம் எடுக்கும் ஆறு கம்பிகளில் நான்கு சக்கரத்தைத் தொடவே இல்லை. மிச்சம் இரண்டை நம்பி ஓடிய வண்டி துள்ளாமல் என்ன செய்யும்? பல்சக்கரத்தில் ஒரு பல்லில் பிசிறு இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்துக்கு வந்ததும் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு தாவும். அந்தப் பிசிறைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. சக்கரங்களை இணைக்கும் தண்டின் துளைகளை, டாக்டர்கள் பல்வேரைச் சுத்தம் செய்யும் ஊசி அரத்தால் முடியளவு பெரிதாக்கினேன். உள்ளே ஈயத்துண்டு வைத்து எடை கூட்டினேன். அது முதல்முறை கிளம்பிய மத்தியானம் நீ பக்கத்தில்தான் இருந்தாய். கிளம்பியதே தெரியவில்லை. "ஓடுதாக்கா?" என்று கேட்டாய். "சக்கரத்தைப் பாரு" என்றேன். குனிந்து பார்த்துவிட்டு நீ என் தலையில் முத்தம் கொடுத்தாய். அதுவே எனக்குப் போதும் என்றுதான் ஊருக்குக் கிளம்பினேன்.

என் பெயர் வேண்டாம். உன் கோப்பையும் வேண்டாம். எண்ணெயைத் திருத்து. ஜூன் வரைக்கும் காத்திருக்காதே.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ரொம்ப நாளாக எழுதவில்லை, கடையில் வேலை அதிகம்.

ஒரு சந்தேகம். ஒருவருடைய இன்ஜினில் மோட்டார் சூடாகிப் புகை வந்துவிட்டது. இப்போது கரண்ட் கொடுத்தால் லேசாக உறுமுகிறது, சுற்றவில்லை. அதைச் சரி செய்ய வழி இருக்கிறதா? கொஞ்சம் விவரமாக எழுது. சீக்கிரம் தேவைப்படுகிறது.

தம்பி


ஏப்ரல் 25

தம்பிக்கு,

மோட்டாரைக் கழற்று. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை செம்பு உருளையைத் துடை. உருளையில் மூன்று இடைவெளிகள் இருக்கும். பல் குத்தும் குச்சியால் அவற்றில் அடைத்திருப்பதைச் சுரண்டி எடு. ஊசியால் சுரண்டாதே, கீறல் விழும். பிறகு கம்பிச் சுருளை முகர்ந்து பார். கருகிய வாடை அடித்தால் அந்த மோட்டார் முடிந்தது. வேறு வைக்க வேண்டும்.

இதை எழுதாமல் உன்னைத் தவிக்க விட வேண்டும் என்றுதான் இருந்தேன். இன்ஜின் என்ன பாவம் செய்தது?

இப்போது நீ சொல். யார் அந்த "ஒருவர்"? எண்ணெயா? நீ சொன்னாயா, சொல்லவில்லையா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் எனக்கு எழுதாதே.

அக்கா


மே 2

அக்கா,

எண்ணெய்தான். நான் சொல்லவில்லை.

இந்த இரண்டு வரியை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது.

எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் என்று கூப்பிடுவோம். அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவரே இல்லை, தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துப் போட்டவர். ஆனால் கிளப்பில் அவர் விசில் ஊதாமல் எந்த வண்டியும் கிளம்பாது. பித்தளைத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, நான்கு வருடம் உட்கார்ந்து தானே ஓர் இன்ஜின் செய்திருக்கிறார். கடையில் வாங்கிய பாகம் என்றால் அந்த மோட்டார் மட்டும்தான். நன்றாகவே ஓடும். கிளம்பும்போது மட்டும் ஒரு சின்ன வெட்டு வெட்டும். என் கட்டுரையைப் படித்தவர், அதைப் பாக்கெட்டில் மடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் சந்தேகம் கேட்பார். எனக்குத் தெரியாததற்கெல்லாம், "அது பழகப் பழக வரும் சார்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

உன் முதல் கடிதம் வந்த பிறகு மார்ச்சில் இரண்டு ஞாயிறு கிளப்புக்குப் போனேன். இரண்டு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். "நீங்களே செஞ்சதை நீங்களே எப்படிங்க தப்பா எழுதினீங்க?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, இரண்டு முறையும் தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு மத்தியானம், கிளப் கூடத்தில் இருபது பேர் இருந்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தார். "தம்பி சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணியிருக்கேன். எல்லாரும் பாருங்க" என்றார். விசில் ஊதினார். இன்ஜின் நகர்ந்தது. ஒரு சாண் தூரம் அழகாகப் போயிற்று அக்கா. அப்புறம் உள்ளே நீலமாகப் பொறி தெரிந்தது. நின்றது. டிரைவர் நிற்கும் கூண்டுக்குள்ளிருந்து புகை வந்தது. முதலில் இரண்டு பேர் நிஜ இன்ஜின் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். வாடை வந்ததும் அடங்கிவிட்டார்கள்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு துளின்னுதான் எழுதியிருந்தீங்க தம்பி. என் கை நடுங்கியிருக்கும். ரெண்டு மூணு விழுந்திருக்கும்" என்றார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாச்சுல்ல சார். பரவாயில்ல விடுங்க."

அக்கா, இதை நான் சொன்னேன். அவர் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னேன். சுற்றி நின்றவர்கள், எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறான் என்பது போல என்னைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார். இன்ஜினை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்து மூடினார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிச் செயலாளர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் கிளப்புக்கு வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், சரி செய்து தருகிறேன், கொடுங்கள் என்று கேட்டேன். உன்னிடம் கேட்டு ரகசியமாகச் சரி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அதற்குத்தான் அந்தக் கடிதம். நீ சொன்னபடி துடைத்து முகர்ந்து பார்த்தேன். கருகிய வாடைதான். பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "கொண்டு வந்துட்டீங்களா, சந்தோஷம்" என்று பெட்டியை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் அலமாரியின் மேல் வைத்துவிட்டார்.

கடையில் இப்போது ஒரு மெத்தைகூட விற்க முடியவில்லை. "நல்லா இருக்கும் சார்" என்று சொல்லும்போதெல்லாம் என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்கிறது.

தம்பி


மே 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை லேபிலேயே படித்தேன். அதன் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒரு பல்வரிசையை உடைத்துவிட்டேன்.

உன்னைத் திட்டுவதற்காக உட்கார்ந்தேன். திட்டும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று யோசித்தபோது பேனா நகரவில்லை. நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

இதழ் என் கைக்கு வந்தது மார்ச் 3. செயலாளரின் முகவரி அதன் பின்னட்டையில் இருந்தது. ஏற்கெனவே அவருக்கு அட்டை போட்டவள் நான். அன்றைக்கே இன்னோர் அட்டையில், "ஏழாம் பக்கத்தில் எண்ணெய் பற்றி எழுதியிருப்பது தவறு, யாரும் செய்ய வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் அந்தப் பெரியவரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். எழுதவும் எழுதினேன். எழுதி, முகவரி போட்டு, அந்த அட்டையை லேப் மேசை டிராயருக்குள் வைத்தேன். தம்பி தன் வாயாலேயே சொல்லட்டும், அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அது பொய். நீ மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கைதட்டிய அதே கூட்டத்தின் நடுவில் நீ முழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "ஜூனில் பார்க்கலாம்" என்று நீ எழுதிய பிறகும் அட்டையை அனுப்பவில்லை. மாட்டிக்கொள்ளப் போவது வேறு யாரோ என்று எனக்குத் தோன்றவே இல்லை. எச்சரிக்க வேண்டியதை எச்சரித்துவிட்டேன் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அந்த அட்டை இப்போதும் டிராயரில் இருக்கிறது. கிழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

கிளப்பில் நீ சொல்லியாக வேண்டும். ஆனால் அது பாதிதான். அவர் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல். எண்ணெய்ப் பிழையை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாதே. "வயசாச்சுல்ல" என்று சொன்னாயே, அதையும் சேர்த்துச் சொல். நான் அட்டையை அனுப்பாததையும் சொல். அதை மறைத்து எனக்கு நல்ல பெயர் வாங்கித் தராதே.

அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஞாயிறு. காலையில் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனேன். உன் தம்பி மனைவி வாசல்வரை வந்து, "பேச்சை வளர்க்காதீங்க. சொல்லிட்டு வாயை மூடுங்க" என்று அனுப்பினாள்.

அப்படியே செய்தேன். தவளையைச் சரி செய்தது என் அக்கா, கட்டுரை அவளுடைய நோட்டுப் புத்தகம், எண்ணெய் என் தவறு, மார்ச்சிலேயே எனக்குத் தெரியும். நான்கு வரிதான். கோப்பையை மேசைமேல் வைத்தேன். யாரும் கத்தவில்லை. ஒருவர் மட்டும், "அப்ப அன்னைக்கு அந்த மனுஷனைப் பார்த்து வயசாச்சுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அதே சொல்தான் அக்கா. மைக் இல்லாமல் சொன்னபோது எவ்வளவு பெரிதாகக் கேட்டது!

என்னை வெளியே அனுப்புவார்கள் என்று நினைத்தேன். செயலாளர் கோப்பையைத் திருப்பி, என் பெயர் பொறித்த இடத்தை விரலால் மூடிப் பார்த்தார். "அவர்கிட்ட போய்ச் சொன்னீங்களா?" என்றார். "இனிமேதான்" என்றேன். "அங்க போகாம இங்க என்ன பண்றீங்க?" என்றார்.

நடந்தே போனேன். அவர் வீட்டில் மார்ச் மாதம் பேத்தி பிறந்திருக்கிறாள். போன முறை போனபோது பார்த்திருந்தேன். இப்போது குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அவருடைய மருமகள் ஒரு கையில் துணிகளும் ஒரு கையில் குழந்தையுமாக வந்து, "மாமா, ஒரு நிமிஷம் பிடிங்களேன்" என்று நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "நீயே வெச்சுக்கம்மா" என்றார். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப் போயிற்று. எனக்கும் அது ஒரு மாதிரியாக இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். "வயசாச்சுல்ல" என்பதையும் சொன்னேன். உன் அட்டையையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு துளி விட்டிருந்தாலும் எரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார்.

"எரிஞ்சிருக்கும் சார். ஒரு துளியே அதிகம்."

"அப்ப என் கை?"

"உங்க கையில ஒண்ணுமில்ல சார்."

எழுந்து உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது ஒரு தாளும் பேனாவும் கொண்டு வந்தார். "செஞ்சவங்க யாரோ அவங்க அட்ரஸ் எழுதுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "போதும், கிளம்புங்க" என்றார்.

அவர் வந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

தம்பி


மே 30

அன்புள்ள தம்பிக்கு,

வந்தார். வியாழக்கிழமை காலை, ஆறு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து, செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. உங்கள் செயலாளர் வாங்கிக் கொடுத்த புது மோட்டார் சட்டைப் பையில் இருந்தது. லேபில் எல்லோரும் பல் கட்ட வந்தவர் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை. கதவின் கைப்பிடிகூடத் தனியாகச் செய்து வைத்திருக்கிறார். "அட்டையை அனுப்பாதவ நான்தாங்க" என்று முதலில் அதைச் சொன்னேன். டிராயரிலிருந்து அதை எடுத்து அவரிடம் கொடுத்தேன். படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது.

கை இரண்டையும் அவர் வெளியே எடுக்கவே இல்லை, பாக்கெட்டிலேயே வைத்திருந்தார். குளிருகிறதா என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். மோட்டார் எரிந்த நாளிலிருந்து அவர் தன் கையை நம்பவில்லை. முகம் மழிக்க சலூனுக்குப் போகிறார். தேநீரைத் தம்ளரில் பாதிதான் ஊற்றச் சொல்கிறார். அந்தக் குழந்தையை ஏழு வாரமாகத் தொடவில்லை. "கை தவறிட்டா? அதான். மருமகளுக்குக் காரணம் சொல்லல. பொண்ணாப் பொறந்ததால எனக்குப் பிடிக்கலன்னு அவ நினைச்சுக்கிட்டா. ஒருநாள் அழுதுகிட்டே கேட்டுட்டா. அப்பவும் சொல்ல வெட்கமா இருந்துச்சும்மா" என்றார்.

தம்பி, நாம் எரித்தது மோட்டாரை மட்டுமல்ல. எவ்வளவு எரித்திருக்கிறோம் என்று நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புது மோட்டாரை உட்கார வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதன் திருகுப்பல்லும் அச்சின் பல்சக்கரமும் ஒன்றையொன்று அழுத்தவும் கூடாது, விலகவும் கூடாது. மெல்லிய காகிதத்தை நடுவில் வைத்து, மோட்டாரைத் திருகி இறுக்கிவிட்டு, பிறகு காகிதத்தை உருவ வேண்டும். காகிதத்தின் கனம்தான் இடைவெளி. மோட்டாரை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, "திருகை நீங்க போடுங்க" என்றேன்.

"நீங்களே போட்டுடுங்கம்மா."

"எனக்கு ரெண்டு கைதான் இருக்கு. ரெண்டும் இதைப் பிடிச்சிருக்கு."

நான்கு திருகுகள், எறும்பின் தலையளவு. பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். முதல் திருகு இடுக்கியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் கையை மறுபடி பாக்கெட்டுக்குக் கொண்டுபோனார். "எங்கிட்ட ஒரு நாளைக்குப் பத்து விழும்" என்றேன். அது உண்மைதான். மேசைக்குக் கீழே இரண்டு பேரும் தவழ்ந்து தேடினோம். அவர்தான் கண்டுபிடித்தார். இரண்டாவது முறை உட்கார்ந்தது. மற்ற மூன்றையும் ஒரே மூச்சில் போட்டார். நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நடுக்கமும் இல்லை.

காகிதத்தை உருவினோம். முன்னும் பின்னுமாக அரை மணி நேரம் மெதுவாக ஓடவிட்டோம். பிறகு நிறுத்திவிட்டு ரெகுலேட்டரை அவர் கையில் கொடுத்தேன். கிளம்பியது, தம்பி. அந்தப் பழைய வெட்டும் இல்லை. லேபில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

அவர் அதை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. போன் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டுக்குப் போட்டார். "நான்தாம்மா பேசறேன். நாளைக்குக் காலைல வந்துடுவேன். வந்ததும் பாப்பாவை எங்கிட்ட குடு... ஆமா, நானே தூக்கிக்கறேன்... இல்லம்மா, அதெல்லாம் இல்ல, வந்து சொல்றேன்." போனை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் மறுமுனையில் "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ ஒருத்தி நான், என்னவென்று சொல்வேன்? "நல்லா இருக்காரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பும்போது உன்னைப் பற்றிக் கேட்டேன். "வந்து சொன்னான். ஆனா ஆறு வாரம் கழிச்சுதான் சொன்னான்" என்றார்.

செயலாளர் எனக்கு உறுப்பினர் படிவம் அனுப்பியிருக்கிறார். இன்னும் நிரப்பவில்லை. நீ அவர் வீட்டுக்குப் போ. எத்தனை முறை ஆனாலும் போ.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

திருத்தம் அச்சாகிவிட்டது. ஏழாம் பக்கத்தில்தான் போட வேண்டும் என்று நானே கேட்டேன். உன் இதழ் தனியாக வரும்.

அவர் வீட்டுக்கு மூன்று ஞாயிறு போனேன்.

முதல் ஞாயிறு அவர் வீட்டில் இல்லை. அல்லது இல்லை என்று மருமகளைச் சொல்லச் சொல்லியிருந்தார். "இல்லீங்க" என்று சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவள் அத்தனை வாரம் வருந்தியதற்கு நான் காரணம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இரண்டாவது ஞாயிறு அவரே வந்தார். தோளில் குழந்தை. ஒரு கை அதன் முதுகில், ஒரு கை பின்தலையில். "சத்தம் போடாதீங்க. இப்பத்தான் தூங்கினா" என்றார். குரலைத் தாழ்த்தி, "சார், என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

"இன்னைக்கு முடியல" என்றார்.

"நான் எப்ப வரட்டும் சார்?"

குழந்தையின் தலையைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டார். கோபமாகப் பதில் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வந்துகிட்டே இருங்க. எனக்கு என்னைக்குத் தோணுதோ அன்னைக்கு உள்ள கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தை அசையாமல் திரும்பி உள்ளே போனார்.

நேற்று மூன்றாவது ஞாயிறு. கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு மர நாற்காலி போட்டிருந்தது. முன்பு அங்கே நாற்காலி இருந்ததில்லை. எனக்காகப் போட்டதா, இல்லை கழுவி வெயிலில் காய வைத்ததா என்று தெரியவில்லை. ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாம். தொடவில்லை.

அதன் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தம்பி